நான்காம் குளத்தில் சாவு இல்லை

ஏப்ரல் 9

மீனுக்கு முகம் மாறாது. பசித்தாலும் வலித்தாலும் மூச்சு முட்டினாலும் அதே முகம். அதனால் துடுப்பின் ஓரத்தைப் பார்க்கிறோம். கண்ணைப் பார்க்கிறோம். தோல், செதில். செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுகிறோம். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். சுழியம் என்றால் நலம். மூன்று என்றால் பிழைக்காது.

இப்படித்தான் பாயிடம் சொன்னேன். இதாயத்துல்லா என்று பெயர். பண்ணையின் சொந்தக்காரர். இங்கே எல்லோருக்கும் பாய். திருமருகலிலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் ஆறு குளங்கள். ஆறிலும் ஜிலேபி மீன்.

"வறுக்கப் போற மீன சௌக்கியமான்னு கேக்குறதுக்கு ஒரு படிப்பா?"

"ஆமா பாய்."

"கேட்டுச் சொல்லும்மா. என்னையும் யாரும் கேட்டு ரொம்ப நாளாவுது."

நான்காம் குளத்தில் இந்த முறை இரண்டு மடங்கு குஞ்சு விட்டு வளர்க்கிறார். அந்த நெருக்கத்தில் மீன்கள் நலமாக இருக்கின்றனவா என்று மே மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும். நலம் என்றால், எல்லாவற்றையும் பிடித்து முடித்ததும் ஜூனில் ஆறு குளத்திலும் இரண்டு மடங்கு விடுவார். ஆய்வு எங்கள் கல்லூரியுடையது. முடிவு அவருடையது. தீவன அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டித் தந்தார். "எனக்கு மீன் பாஷ தெரியாது. நீ இதுல எழுதறதத்தான் பாப்பேன்."

தீவன அறைக்கு அடுத்த அறை எனக்கு. மூட்டை வாசனை. ஜன்னலிலிருந்து மூன்றாம் குளம் வரைதான் தெரியும்.

நந்தன் மூன்று முறை அழைத்திருக்கிறான். நான் இவ்வளவு சீக்கிரம் வேலைக்குக் கிளம்பியது அவனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் வேண்டாம் என்று சொன்ன முதல் காரியம்.

ஏப்ரல் 10

காலை ஏழு மணிக்கு நான்காம் குளம். கரையோரம் ஒரு மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. ஒரு சாண் நீளம். வெளுத்திருந்தது. பட்டியலில் கடைசிப் பத்தி 'சாவு'. அதில் ஒன்று என்று எழுத வேண்டும். பேனாவின் மூடியைத் திறந்தேன். அப்புறம் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

தவமணியக்கா ஓடிவந்தார். தீவனம் போடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருடைய கணவர் கலியபெருமாள் வலைக்காரர்.

"என்னா பாப்பா?"

"வெயில்க்கா."

ஏழு மணி வெயிலை அண்ணாந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார், மார்புப் பக்கம் ஈரம். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார்.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். பலகையில் எழுதினேன். சாவு: 1.

ஏப்ரல் 11

மல்லிகை இரண்டு முழம் கொண்டுவந்தார் தவமணியக்கா. தலைக்கு இல்லை என்றார். உள்ளே வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "நாலு நாள்ல வத்திடும்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

சாவு: 0.

ஏப்ரல் 17

வாரம் ஒரு நாள், குளத்துக்கு முப்பது மீன்.

கலியபெருமாள் அண்ணன் ஒரு கை தீவனம் இறைக்கிறார். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வருகின்றன. வீச்சுவலை அவர் கையிலிருந்து விரிந்து ஒரு வட்டமாக விழுகிறது. அதைப் பார்க்கவே இந்த வேலைக்கு வரலாம். இழுத்துக் கரையில் வைத்து, குனிந்து ஏதோ சரிசெய்து, கூடையில் போட்டு என்னிடம் தருகிறார்.

நான் வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விடுகிறேன். மீன் மயங்கும். பல்வலி வாசனை. மயங்கிய மீனை ஈரத் துணியில் வைத்து, துடுப்பை விரித்து, கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கி நிறம் பார்த்து, எடை போட்டு, நல்ல தண்ணீரில் விட்டுத் தெளியும்வரை காத்திருக்கிறேன்.

"எங்கூட்டுக்காரி இருவத்தாறு வருசத்துல என்னைய ஒரு நாளு இப்படிக் கண்ணத் தொறந்து பாத்ததில்ல" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

"தொறந்து பாத்தா செவப்பாருக்கும். எதுக்குன்னு ஊருக்கே தெரியும்" என்றார் தவமணியக்கா.

வாளியைத் தூக்கப் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வைங்க" என்றார்கள்.

ஏப்ரல் 24

நான்காம் குளம். துடுப்பு 0.3, கண் 0, தோல் 0.2, செவுள் 0.3. சாவு 0.

நந்தன் பேசினான். எப்படி இருக்க என்றான். நல்லாயிருக்கேன் என்றேன். சுழியம்.

மே 2

இந்தக் குளங்களில் ஆண் மீன்களை மட்டும்தான் விடுகிறார்கள். ஆனாலும் குஞ்சுப் பண்ணையில் சில பெண்கள் தப்பி வந்துவிடும். இன்று இரண்டாம் குளத்தில் அப்படி ஒன்று. மெலிந்திருந்தது. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. உடல்வாகு 2 என்று எழுதிவிட்டு வாளியில் விட்டேன்.

மயக்கம் ஏறும்போது வாயைத் திறந்தது. மஞ்சளாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஐம்பது அறுபது முட்டைகள். வாளியின் அடியில் போய்ப் படிந்தன.

"வாய்ல வச்சு அடகாக்குது. பொரியற வரைக்கும் எர எடுக்காது. அதான் எளச்சிருக்கு" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

இது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். பயந்தால் துப்பிவிடும், சில சமயம் விழுங்கிவிடும் என்பதையும் எழுதியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி.

"திரும்ப வாய்க்குள்ள எடுத்துக்குமாண்ணே?"

"எங்கங்க. மருந்துத் தண்ணி."

பத்து நிமிடத்தில் மீன் தெளிந்தது. குளத்தில் விட்டேன். உடல்வாகு 2 என்பதை அடிக்கவில்லை. அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தவமணியக்கா வந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

மே 3

இன்று அளக்கவில்லை. தவமணியக்கா வீட்டிலிருந்து மிளகுக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டேன்.

மே 10

வெயில் நூற்றிரண்டு. குளத்துத் தண்ணீர் பச்சைக் குழம்பாக இருக்கிறது.

வழிகாட்டிப் பேராசிரியர் இருதயராஜ் சார் அழைத்தார். "ஒரு மாசமா நாலாவது குளத்துல ஒண்ணுகூடச் சாகலையா சுடர்?"

"மொத நாள் ஒண்ணு சார். அப்புறம் இல்ல."

"சாதாரணக் குளத்துலயே வாரத்துக்கு நாலு போகும்."

"நல்லாப் பாத்துக்குறாங்க சார்."

"மதிப்பெண்ணும் நல்லாத்தான் இருக்கு" என்றார். காகிதம் புரளும் சத்தம். "அதிகாலை ஆக்ஸிஜன் அளவு எடுத்தியா? விடியறதுக்கு முன்னதான் ரொம்பக் குறையும்."

எடுக்கவில்லை. எடுக்கிறேன் என்றேன்.

என் உறக்கம் விடியும் நேரத்தில்தான் வருகிறது. அதனால் இதுவரை ஏழு மணிக்குத்தான் கரைக்குப் போகிறேன். இது காரணம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

மே 14

நான்காம் குளத்தின் மேல் பருந்துகள். முதல் குளத்தின் மேல் இல்லை. கரைத் தென்னைகளில் நான்காம் குளத்துப் பக்கம் இருப்பவை மட்டும் கரும்பச்சை.

மே 17

சனிக்கிழமை. பாய் வந்தார். பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், நோட்டீஸ் படிப்பதுபோல். எல்லாம் சுழியத்துக்குப் பக்கம்.

"ஆக, நெருக்கிப்புடிச்சு இருந்தாலும் சந்தோசமாத்தான் இருக்குதுங்க."

"இதுவரைக்கும் அப்படித்தான் தெரியுது பாய்."

"எங்கூடு மாதிரி. பதிமூணு பேரு, ஒரு கக்கூசு."

ஜூன் 3ஆம் தேதி குஞ்சு லாரி வருகிறது. ஆறு குளத்துக்கும் இரண்டு மடங்கு சொல்லிவிட்டார். அறிக்கையை மாதக் கடைசிக்குள் எழுதி முடிக்க வேண்டும். முதல் பத்தி எழுதினேன். அழகாக வந்திருக்கிறது.

மே 21

ஐந்தே காலுக்கு அலாரம். ஆக்ஸிஜன் அளவுமானியை எடுத்துக்கொண்டு போனேன். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது.

நான்காம் குளம் முழுவதும் மழை விழுவதுபோல் புள்ளிகள். மழை இல்லை. ஆயிரக்கணக்கான வாய்கள். மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. முகம் மட்டும் மாறவில்லை. அளவுமானி 1.2 காட்டியது. குறைந்தது நான்கு இருக்க வேண்டும்.

எதிர்க்கரையில் தவமணியக்கா. ஒரு கையில் கைவலை. காலடியில் அன்னக்கூடை. என்னைப் பார்த்ததும் கூடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"போ பாப்பா. ஏழு மணிக்கு வா."

"கூடையில என்னக்கா?"

"பாசி."

நகரவில்லை அவர். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பதினொன்று.

"எத்தன நாளா?"

"நீ அந்த மொத மீனப் பாத்த மக்யா நாளு தொட்டு."

"தெனமுமா?"

"மொதல்ல ஒண்ணு ரெண்டு. வெயில் ஏற ஏற இதுவும் ஏறுது."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

கைவலையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "பச்ச ஒடம்பு. அன்னைக்கு ஒண்ணப் பாத்துட்டே அப்படி ஒக்காந்துட்ட. எங்க தெருவுல புள்ள பெத்தவளுக்கும் சாவக் காட்ட மாட்டோம், புள்ள தங்காதவளுக்கும் காட்ட மாட்டோம். மூணு மாசம். எழவு போனா அவ வூட்டுக் கதவச் சாத்திடுவோம். ஒனக்கு இங்க கதவு ஏது? அதான் நீ எந்திரிக்கிறதுக்குள்ள பொறுக்கி தென்ன மரத்தடியில பொதைச்சுடுறது."

"அதையும் எண்ணணும்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"நீ உசுரோட இருக்குறதத்தான பாப்பா அளக்குற?"



"பாய்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"முன்னல்லாம் கூடையோட காட்டுவேன். கேப்பாரு, சொல்லுவேன். இப்ப எங்க கேக்குறாரு. பலகையப் பாக்குறாரு, போயிடுறாரு."

ஏழு மணிக்கு ஒரு டீ குடித்தேன். கலியபெருமாள் அண்ணனிடம் கேட்டேன், வலையை இழுத்த பிறகு குனிந்து என்ன சரிசெய்வீர்கள் என்று. தலையைச் சொறிந்தார்.

"நோஞ்சானத் திரும்ப வுட்டுருவேன். சீக்கப் பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு இவதான் சொன்னா."

அதோடு அவர் வலை வீசும் இடம் தீவனம் விழும் இடம். முதலில் ஓடிவருவது திடமானவை. இதைக் கவனிக்க ஒரு பட்டம் தேவையில்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

மே 22

இழுவலை போடச் சொன்னேன். நான்கு ஆட்கள், குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. எதுவும் தப்பாது.

மதகுப் பக்கத்து மூலையிலிருந்து வந்தவை கறுத்திருந்தன. வால்துடுப்பு கிழிந்த சேலை முந்திபோல். சிலவற்றுக்கு ஒரு கண் வெளுத்திருந்தது. செவுளில் சளி. குனிந்து பொறுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கலியபெருமாள் அண்ணன் எங்கோ பார்த்துக்கொண்டு கூடையைக் கொடுத்தார்.

துடுப்பு 1.9, கண் 0.8, தோல் 1.7, செவுள் 2.1.

முப்பதையும் நானே பிடித்துப் பார்த்தேன். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

மே 23

அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதினேன். 'இறந்த மீன்களைப் பண்ணைத் தொழிலாளர் ஆய்வாளருக்குத் தெரியாமல் அகற்றிவந்ததால் முந்தைய பதிவுகள் பிழையானவை.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மூன்று முறை படித்தேன்.

பலகையைத் துடைத்துப் புது எண்களை எழுதினேன். துடைத்த இடத்தில் பழைய சுழியங்கள் இலேசாகத் தெரிகின்றன.

மே 24

பாய் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"பத்துப் பதினொண்ணுன்னா, தெனமுமா?"

"ஆமா பாய்."

"ஆறு வாரமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதுனியேம்மா."

நடந்ததைச் சொன்னேன். அந்த வாக்கியத்தை, ஏறக்குறைய அப்படியே. அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. குழாயடியில் தவமணியக்கா வாளி கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"பதினாலு வருசமா எங்கிட்ட இருக்கு" என்றார் பாய். "மறைக்குற பொம்பள இல்ல. சரி. திங்கக்கெழமலருந்து வர வேணாம்னு சொல்லிடறேன்."

தவமணியக்கா என்னைப் பார்க்கவே இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தார். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அது என்னுடையது என்று விட்டுவிட்டார்.

"பாய், அவங்க எனக்காகச் செஞ்சாங்க."

"ஒனக்காகன்னா?"

குளத்தில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குக் குழந்தை போயிடுச்சு பாய். ஆறாம் மாசம். இங்க வர்றதுக்குப் பதினெட்டு நாள் முன்னால. செத்த மீன நான் பாக்க வேணாம்னு இவங்க எடுத்துட்டாங்க. நான் கேட்டிருக்கணும். ஒண்ணுகூடச் சாகாத குளம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

இதை நான் முழு வாக்கியமாகச் சொன்னது முதல் தடவை. மருத்துவமனையில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் வைத்துக்கொண்டார். குளத்தைப் பார்த்தார். நான் இங்கே வந்ததிலிருந்து அவர் பலகையைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"சாப்புட்டியாம்மா?"

"இன்னும் இல்ல பாய்."

"தவமணி" என்று கூப்பிட்டார். "புள்ளைக்குச் சோறு போடு. திங்கக்கெழம சீக்கிரம் வந்துடு, நாலாவது குளத்துக்கு இன்னொரு சக்கரம் எறக்கணும்."

பிறகு போனை எடுத்துக் குஞ்சுப் பண்ணைக்குப் பேசினார். "லாரி வரட்டும். பாதி போதும். இல்ல, பாதி. மீனுங்கள்ட்ட கேட்டோம், வேணாங்குதுங்க."

மே 25

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன். 'ஏப்ரல் 11 முதல் மே 20 வரை நான்காம் குளத்தில் சாவு பதிவாகவில்லை. சாவு இருந்தது. ஆய்வாளர் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.' அதற்குக் கீழே ஏன் என்றும் எழுதினேன், ஒரே வரி.

இருதயராஜ் சார் படித்துவிட்டு அழைத்தார். ஆறு வார எண்களையும் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்றார். பிறகு, "அந்தக் கீழ் வரி வேணுமா சுடர்? அறிக்கைக்கு அவசியமில்ல" என்றார். நல்ல மனிதர்; என்னை நினைத்துத்தான் சொல்கிறார்.

இருக்கட்டும் சார் என்றேன்.

மாலையில் நந்தனை நானே அழைத்தேன்.

"எப்படி இருக்க?"

"ரெண்டு."

"என்னது?"

மதிப்பெண் முறையை விளக்கினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் மீனைப் பற்றி ஐந்து நிமிடம். கடைசியில், அவனுக்கு எத்தனை என்று கேட்டேன். யோசித்தான். இரண்டரை இருக்கும் என்றான். சனிக்கிழமை வருகிறான்.

மே 26

ஐந்தே காலுக்கு எழுந்தேன். தவமணியக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு கைவலையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடையை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நான்காம் குளத்தைச் சுற்றி வந்தோம். ஒன்பது. எழுதிவிட்டு, தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினேன்.